எட்டாம் படியிலிருந்து முதல் படி வரை: இங்கிலாந்தில் ஒரு கால்பந்து வீரரின் தொழில் வாழ்க்கை

இங்கிலாந்துக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஆட்டம் சில வாரங்களில் புரிந்துவிடுகிறது. ஆட்டக்காரர்கள் கழகம் விட்டுக் கழகம் போவதுதான் நெடுநாள் புரியாமல் இருக்கிறது. ஒருவரை வாங்கக் கோடிக்கணக்கான பவுண்டு கைமாறுகிறது. அவருக்கு இணையான இன்னொருவர் ஒரு காசும் கைமாறாமல் வேறு கழகத்துக்குப் போய்விடுகிறார். சிலர் 'லோன்' என்ற பெயரில் பாதிப் பருவத்துக்கு மட்டும் வந்து ஆடிவிட்டுத் திரும்புகிறார்கள். இவற்றையெல்லாம் விளக்க, ஏறத்தாழ ஒரே காலத்தில் ஆடிய இரண்டு முன்கள வீரர்களின் வாழ்க்கையை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் 1987இல் ஷெஃபீல்ட் நகரில் பிறந்த ஜேமி வார்டி. மற்றவர் 1993இல் லண்டனின் வால்தம்ஸ்டோ பகுதியில் பிறந்த ஹாரி கேன். இருவரையும் சிறுவயதில் ஒரு பெரிய கழகம் 'வேண்டாம்' என்று அனுப்பியது. இருவரும் பின்னாளில் பிரீமியர் லீக்கில் ஒரு பருவத்தின் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை வென்றார்கள். வெவ்வேறு வழிகளில் வந்த இவர்கள் ஓர் ஆண்டு ஒரே கழகத்தில் சந்தித்துக்கொண்டார்கள் என்பது நமக்கு இன்னும் வசதி.

இவர்களைப் படித்துப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்: ஒரு வீரரின் தொழில் வாழ்க்கையில் திறமைக்கு உள்ள பங்கைப் போலவே, அவரை எந்த வயதில் யார் எடைபோட்டார்கள் என்பதற்கும், அவர் பெயர் எந்தக் கழகத்தில் பதிவாகியிருக்கிறது என்பதற்கும், ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு மிச்சம் இருக்கிறது என்பதற்கும் பெரும் பங்கு உண்டு. கோல்களை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு இந்தப் பாதி தெரியாமலே போய்விடுகிறது.

படிக்கட்டு

இங்கிலாந்தில் கழகங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்ட லீக்குகளில் ஆடுகின்றன. உச்சியில் 20 கழகங்கள் கொண்ட பிரீமியர் லீக். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று தலா 24 கழகங்கள் கொண்ட மூன்று படிகள். இந்த 92 கழகங்களையே வழக்கமாக முழுமையான தொழில்முறைக் கழகங்கள் என்று எண்ணுகிறார்கள். ஐந்தாம் படியாகிய நேஷனல் லீக்கும் அதற்குக் கீழுள்ள பல படிகளும் சேர்ந்து 'நான்-லீக்' எனப்படுகின்றன. ஐந்தாம் படியில் இன்று முழுநேர வீரர்கள் பலர் உண்டு. இன்னும் கீழே இறங்க இறங்க, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வாரத்தில் ஓரிரு மாலைகளில் பயிற்சிக்கு வந்து சனிக்கிழமை ஆடுகிறவர்களே மிகுதி.

இந்தப் படிகளுக்கு இடையில் கதவுகள் திறந்தே இருக்கின்றன. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் மேலே வந்தவை ஒரு படி ஏறும், அடியில் நின்றவை ஒரு படி இறங்கும். பிரீமியர் லீக்கின் கடைசி மூன்று கழகங்களும் இதற்கு விலக்கல்ல. கழகம் ஏறுவதும் இறங்குவதும் வீரரின் வாழ்க்கையையும் இழுத்துக்கொண்டு போகும். பல ஒப்பந்தங்களில் கழகம் கீழிறங்கினால் ஊதியம் குறையும் என்ற விதியே எழுதப்பட்டிருக்கும். ஆகவே ஒரு வீரர் இரண்டு விதமாக ஏறலாம்: தன் கழகத்தோடு சேர்ந்து ஏறலாம், அல்லது மேலே இருக்கும் கழகத்துக்கு மாறி ஏறலாம். வார்டி இரண்டையும் செய்தார்.

அகாடமியும் முதல் நிராகரிப்பும்

ஒவ்வொரு தொழில்முறைக் கழகமும் சிறுவர்களைத் தேடுவதற்கென்று ஆட்களை வைத்திருக்கிறது. ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் பிரிவிலிருந்தே ஒரு சிறுவனைக் கழகம் தன் அகாடமியில் பதிவு செய்துகொள்ளலாம். பள்ளிப் படிப்பு ஒருபக்கம் நடக்க, மாலையிலும் வார இறுதியிலும் பயிற்சி நடக்கும்; குறிப்பிட்ட இடைவெளிகளில் அந்தப் பதிவைப் புதுப்பிப்பதா, சிறுவனை விடுவிப்பதா என்று கழகம் முடிவு செய்யும். பதினாறு வயதில் பெரிய வடிகட்டல் வருகிறது. தேறியவர்களுக்கு 'ஸ்காலர்ஷிப்' கிடைக்கும். வழக்கமாக இரண்டு ஆண்டு நீளும் இந்தக் கட்டத்தில் முழுநேரப் பயிற்சியும் அதனுடன் இணைந்த படிப்பும் சிறு உதவித்தொகையும் உண்டு. பதினேழு வயது நிறைந்த பிறகே ஒருவர் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியும். 2012இல் பிரீமியர் லீக் கொண்டுவந்த திட்டத்தின்படி அகாடமிகள் அவற்றின் வசதிகளையும் பயிற்சியாளர்களையும் பொறுத்து நான்கு தரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் கவலை தரும் இடம் அந்த வடிகட்டல்தான். எட்டு வயதுச் சிறுவன் இருபது வயதில் எப்படி இருப்பான் என்பதை யாராலும் நம்பிக்கையோடு சொல்ல முடியாது. சீக்கிரம் வளர்ந்துவிட்ட சிறுவன் திடலில் பெரியவனாகத் தெரிகிறான்; தாமதமாக வளர்பவன் பந்தை நன்றாகக் கையாண்டாலும் மோதலில் கீழே விழுகிறான். எட்டு வயதில் ஆர்சனல் அகாடமியில் சேர்ந்த ஹாரி கேன் ஓராண்டிலேயே விடுவிக்கப்பட்டார். அப்போது அவர் சற்றுப் பருமனாகவும், ஓட்டத்தில் பின்தங்கியும் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. அவர் ரிட்ஜ்வே ரோவர்ஸ் என்ற உள்ளூர்ச் சிறுவர் அணிக்குத் திரும்பி, வாட்ஃபோர்டில் சில காலம் முயன்று, பதினோராவது வயதில் டாட்டன்ஹாமில் சேர்ந்தார். வார்டிக்கு நேர்ந்தது இன்னும் கடுமையானது. தான் சிறுவயது முதல் ஆதரித்த ஷெஃபீல்ட் வென்ஸ்டே கழகத்தின் இளையோர் அணியில் இருந்த அவரை, உடல் மிகச் சிறியது என்று சொல்லிப் பதினாறு வயதில் அனுப்பிவிட்டார்கள். சில மாதங்கள் அவர் கால்பந்தையே விட்டுவிட்டார்.

பதினாறு, பதினெட்டு வயதுகளில் விடுவிக்கப்படும் இளைஞர்களில் மிகப் பெரும்பாலோர் மேலே திரும்பி வருவதில்லை. குழந்தைப் பருவத்தில் இருந்தே 'இவன் கால்பந்து வீரன்' என்று வீடும் பள்ளியும் அழைத்த ஒருவனுக்கு அந்தப் பெயர் ஒரே நாளில் போய்விடுகிறது. இது அவர்கள் மனநிலையை எப்படிப் பாதிக்கிறது என்பதைக் கழகங்கள் மிகத் தாமதமாகவே கவனிக்கத் தொடங்கின. லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் கழகம், தான் விடுவிக்கும் இளைஞர்களுக்கு மூன்று ஆண்டு வரை துணைநிற்கும் திட்டம் ஒன்றை அறிவித்தது. இத்தகைய பொறுப்பு ஒவ்வொரு கழகத்துக்கும் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

அகாடமிப் பாதையில் நம்மவர் ஒருவரும் வந்திருக்கிறார். ஈழத்தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த, வேல்சில் வளர்ந்த விமல் யோகநாதன், சிறுவயதில் லிவர்பூல் அகாடமியில் பயின்று, பின்னர் பார்ன்ஸ்லி கழகத்தின் முதல் அணிக்கு 2024இல் அறிமுகமானார்.

வார்டியின் வழி: கீழிருந்து

ஷெஃபீல்டுக்கு அருகில் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற சிற்றூர் உள்ளது. அதன் கழகமான ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ், வார்டி 2007இல் முதல் அணிக்கு வந்தபோது எட்டாம் படியில் ஆடிக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் அவருக்கு வாரம் 30 பவுண்டு கொடுத்தார்கள். பகலில் எலும்பு முறிவுக்கும் ஊனத்துக்கும் கட்டும் மருத்துவத் தாங்கிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை, மாலையில் பயிற்சி. பாரம் தூக்குகிற அந்த வேலை முதுகையும் கால்களையும் களைப்படையச் செய்த நிலையில்தான் அவர் ஆட்டத்துக்குப் போனார்.

2010இல் ஏழாம் படியிலிருந்த ஹாலிஃபாக்ஸ் டவுன் சுமார் 15,000 பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. முதல் பருவத்திலேயே அந்தக் கழகம் தன் லீக்கை வென்று படி ஏறியது. அடுத்த பருவம் தொடங்கியவுடனே, 2011 ஆகஸ்டில், ஐந்தாம் படியிலிருந்த ஃப்ளீட்வுட் டவுனுக்குப் போனார். அங்கே ஒரே லீக் பருவத்தில் 31 கோல் அடித்தார், ஃப்ளீட்வுட் முதல்முறையாக 92 கழகங்களுக்குள் நுழைந்தது. 2012 மே மாதத்தில் இரண்டாம் படியிலிருந்த லெஸ்டர் சிட்டி அவருக்காக 10 லட்சம் பவுண்டு கொடுத்தது. நான்-லீக் வீரர் ஒருவருக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. அப்போது வார்டிக்கு 25 வயது. பெரிய அகாடமிகளில் வளர்ந்தவர்கள் அந்த வயதில் நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடி முடித்திருப்பார்கள்.

ஏறியவுடன் எல்லாம் கைகூடிவிடவில்லை. லெஸ்டரில் அவருடைய முதல் பருவம் மோசமாக அமைந்தது. லீக்கில் அடித்தது நான்கே கோல்கள். இந்தப் படியில் ஆடும் தகுதி தனக்கு இல்லையோ என்று ஐயுற்று, கால்பந்தை விட்டுவிடலாமா என்று கூட அவர் நினைத்தார். மேலாளர் நைஜல் பியர்சனும் துணைப் பயிற்சியாளர் கிரேக் ஷேக்ஸ்பியரும் அவரோடு பேசி நிறுத்திவைத்தார்கள். புதிதாக வாங்கிய வீரர் முதல் ஆண்டில் தடுமாறும்போது கைவிடாத மேலாளர் ஒருவர் அமைவது, ஒரு வாழ்க்கையின் போக்கையே மாற்றக்கூடியது. அடுத்த பருவத்தில் 16 லீக் கோல் அடித்து, லெஸ்டர் சாம்பியன்ஷிப்பை வென்று பிரீமியர் லீக்குக்குப் போக அவர் உதவினார்.

கேனின் வழி: இரவல்

டாட்டன்ஹாமில் கேனுக்கு நடந்தது வேறு விதம். பதினேழு வயதில் அவரிடம் தொழில்முறை ஒப்பந்தம் இருந்தது. ஆனால் முதல் அணியில் இடமில்லை. இந்த நிலையில் இருக்கும் இளைஞர்களுக்காகவே லோன் முறை இருக்கிறது. வீரரின் பதிவு தாய்க் கழகத்திடமே இருக்கும். அவர் சில மாதங்களோ ஒரு பருவமோ வேறொரு கழகத்துக்கு இரவலாக ஆடுவார். அவருடைய ஊதியத்தை இரு கழகங்களும் பேசி முடித்த விகிதத்தில் பகிர்ந்துகொள்ளும். பிரீமியர் லீக் கழகங்களுக்கு இடையே இரவல் போன வீரர் தாய்க் கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் இறங்க முடியாது.

கேன் நான்கு முறை இப்படிப் போனார். 2011 ஜனவரியில் லீக் ஒன்னில் ஆடிய லெய்டன் ஓரியன்ட். 2012இல் சாம்பியன்ஷிப்பின் அடிப்பகுதியில் தத்தளித்த மில்வால். அதே ஆண்டின் பிற்பகுதியில் பிரீமியர் லீக்கின் நார்விச். 2013 பிப்ரவரியில் லெஸ்டர். இவற்றில் மில்வாலைத்தான் நான் முதன்மையாகச் சொல்வேன். கீழிறங்கும் ஆபத்தில் இருக்கும் கழகத்தில் ஒவ்வொரு தோல்வியும் பலருடைய வேலையையும் ஊதியத்தையும் தொடும்; இளையோர் அணி ஆட்டங்களில் அந்த அழுத்தம் கிடைக்காது. பதினெட்டு வயதில் அங்கே போன கேன் ஒன்பது கோல் அடித்து, அந்தக் கழகம் படியைத் தக்கவைத்துக்கொள்ள உதவினார். நார்விச்சில் கால் எலும்பு முறிந்து பெரும்பகுதி ஆடாமல் கழிந்தது. லெஸ்டரில் தொடக்க அணியில் இடம் உறுதியாகவில்லை. 13 லீக் ஆட்டங்களில் இரண்டே கோல்கள்.

அந்த வசந்தத்தில்தான் வார்டியும் கேனும் ஒரே கழகத்தில் இருந்தார்கள். இருவரும் மாற்று ஆட்டக்காரர்களாக லெஸ்டரின் பெஞ்சில் அமர்ந்திருக்கும் படம் ஒன்று பின்னாளில் பெரும்புகழ் பெற்றது. அப்போது வார்டிக்கு 26 வயது, கேனுக்கு 19. மூன்றே ஆண்டுகளில், 2015–16 பருவத்தின் முடிவில், பிரீமியர் லீக் கோல் பட்டியலில் கேன் 25 கோல்களோடு முதலிடத்திலும், வார்டி 24 கோல்களோடு அவருக்கு அடுத்தும் நின்றார்கள். லெஸ்டர் 81 புள்ளிகளோடு சாம்பியன் ஆனது, வார்டி தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் கோல் அடித்து ரூட் வான் நிஸ்டல்ராயின் சாதனையை முறியடித்திருந்தார். 2013இல் அந்த இருவரையும் தொடக்க அணியில் சேர்க்காத முடிவு மூடத்தனம் என்று இன்று சொல்வது எளிது. அன்று அவர்கள் அடித்திருந்த கோல்களைப் பார்த்த எவரும் அதே முடிவைத்தான் எடுத்திருப்பார்கள். முன்கள வீரர்கள் சீராக ஏறுவதில்லை, திடீரென்று ஒரு பருவத்தில் தங்களைக் கண்டுகொள்கிறார்கள். கேனுக்கு அந்தப் பருவம் 2014–15. டாட்டன்ஹாமுக்காக அவர் அந்த ஆண்டு 31 கோல் அடித்தார். 2015 மார்ச்சில் இங்கிலாந்து அணிக்காக மாற்று வீரராக முதன்முறை இறங்கி, 79 நொடிகளில் லித்துவேனியாவுக்கு எதிராகக் கோல் அடித்தார்.

பதிவு, ஒப்பந்தம், விலை

இனி புதியவர்கள் மிகவும் குழம்பும் பகுதிக்கு வருகிறேன். ஒரு வீரரை 'வாங்கினார்கள்' என்று சொல்லும்போது உண்மையில் வாங்கப்படுவது அவருடைய பதிவு, அதாவது அவரை ஆடவைக்கும் உரிமை. அவர் ஒப்பந்தம் முடியும் முன்பே வேறு கழகத்துக்குப் போக விரும்பினால், பழைய கழகம் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதற்கு ஒரு விலை கேட்கிறது. ஐ.பி.எல். ஏலத்தில் ஒரு வீரருக்குக் கூறப்படும் தொகை அவருடைய ஊதியமாக அவரிடமே சேருகிறது. கால்பந்தின் மாற்றுத் தொகை பழைய கழகத்தின் கணக்குக்குப் போகிறது, வீரரின் ஊதியம் தனியாகப் பேசப்படுகிறது. மாற்றங்கள் கோடையிலும் ஜனவரியிலும் திறக்கும் இரண்டு காலக்கெடுக்களுக்குள் நடக்க வேண்டும். இங்கிலாந்தில் இந்த முறை 2002–03 பருவத்தில் வந்தது.

இன்றைய வீரர்களின் செல்வத்தைப் பார்த்து எரிச்சல் கொள்பவர்கள், அவர்களுக்கு முந்தையவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். 1890களில் தொடங்கிய முறைப்படி, ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒரு வீரரைக் கழகம் தன்னிடமே 'தக்கவைத்துக்கொள்ள' முடிந்தது. அவர் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தால் ஊதியமும் இல்லை, வேறெங்கும் ஆடவும் முடியாது. இதோடு 1901 முதல் ஊதியத்துக்கு உச்சவரம்பும் இருந்தது: தொடக்கத்தில் வாரம் 4 பவுண்டு; நீக்கப்பட்ட காலத்தில் 20 பவுண்டு. ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருதை 1956இல் முதன்முதலில் பெற்ற ஸ்டான்லி மேத்யூஸ், ஆட்டத்தைக் காண வந்தவர்களில் பாதிப்பேரைத் தன் பெயரால் வரவழைத்தவர்; அவரும் இந்த வரம்புக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் ஆடினார்.

வீரர்களின் சங்கத் தலைவராக இருந்த ஜிம்மி ஹில் முன்னின்று நடத்திய போராட்டத்தில், வேலைநிறுத்த அச்சுறுத்தலுக்குப் பிறகு, 1961 ஜனவரியில் உச்சவரம்பு நீக்கப்பட்டது. சில மாதங்களிலேயே ஃபுல்ஹாம் கழகத்தின் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண்டு பெறும் முதல் இங்கிலாந்து வீரரானார். தக்கவைக்கும் முறையை எதிர்த்து நின்றவர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். நியூகாசில் யுனைடெட் தன்னை விட மறுத்தபோது அவர் ஆட மறுத்து, கால்பந்துக்கு வெளியே வேலைக்குப் போய் மாதக்கணக்கில் காத்திருந்தார். கடைசியில் 1960இல் ஆர்சனலுக்குப் போக முடிந்தது. என்றாலும் வழக்கைக் கைவிடவில்லை. 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், அந்தத் தக்கவைப்பு முறை ஒருவரின் தொழிலை நியாயமின்றித் தடுக்கிறது என்று தீர்ப்பளித்தார். தனக்கு வேண்டியது கிடைத்துவிட்ட பிறகும் மற்றவர்களுக்காக நீதிமன்றத்தில் நின்ற அந்த மனிதரை இன்றைய ரசிகர்கள் அறியாதது வருத்தம் தருகிறது.

கடைசிப் பூட்டைத் திறந்தவர் இங்கிலாந்துக்காரர் அல்லர். பெல்ஜியத்தின் லியேஜ் கழகத்தில் ஒப்பந்தம் முடிந்த ஜான்-மார்க் போஸ்மன், பிரான்சின் டன்கெர்க் கழகத்துக்குப் போக முடியாமல் தடுக்கப்பட்டதால் வழக்குத் தொடுத்தார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதிலிருந்து, ஒப்பந்தம் முடிந்த வீரர் தொகை ஏதுமின்றிப் போகலாம் என்பது வழக்கமாயிற்று. (24 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும், அவர்களை வளர்த்த இங்கிலாந்துக் கழகத்துக்கு ஈட்டுத்தொகை உண்டு.) 1999இல் லிவர்பூலின் ஸ்டீவ் மெக்மனமன் இப்படித்தான் ரியல் மாட்ரிடுக்குப் போனார். அதே லிவர்பூலின் டிரென்ட் அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட் 2025இல் அதே மாட்ரிடுக்குப் போனபோதும் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. சில வாரம் முன்னதாக அவரை விடுவிப்பதற்காக மட்டும், அவருடைய மதிப்போடு ஒப்பிட்டால் சிறிதான ஒரு தொகை கைமாறியது.

இப்போது கேனின் வாழ்க்கைக்குத் திரும்பினால், ஒப்பந்த ஆண்டுகளின் வலிமை தெளிவாகத் தெரியும். 2018இல் அவர் டாட்டன்ஹாமோடு 2024 வரையிலான ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அன்று அது பாதுகாப்பு. 2021 கோடையில், கோப்பை ஏதும் வெல்லாத நிலையில், அவர் மான்செஸ்டர் சிட்டிக்குப் போக விரும்பினார். ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டு மிச்சம் இருந்ததால் தலைவர் டேனியல் லெவி அசையவில்லை, கேன் தங்கியாக வேண்டியிருந்தது. 2023 கோடையில் அதே வீரருக்கு, அதே தலைவரிடம், நிலைமை தலைகீழாயிற்று. மிச்சம் இருந்தது ஓராண்டுதான். விற்காவிட்டால் அடுத்த கோடையில் சும்மா போய்விடுவார். பேயர்ன் மியூனிக் சுமார் 10 கோடி யூரோ கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது. இடைப்பட்ட இரண்டு ஆண்டில் கேனின் ஆட்டம் குறையவில்லை. டாட்டன்ஹாமின் வரலாற்றில் ஜிம்மி கிரீவ்ஸின் 266 கோல் சாதனையையும், இங்கிலாந்து அணியில் வெய்ன் ரூனியின் 53 கோல் சாதனையையும் 2023இன் தொடக்கத்தில்தான் முறியடித்திருந்தார். மாறியது நாட்காட்டி மட்டுமே. ஒரு வீரரைப் பற்றிய மாற்றுச் செய்தியைப் படிக்கும்போது, அவர் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்பதை முதலில் தேடுங்கள். செய்தியின் பாதி அங்கேயே புரிந்துவிடும்.

வார்டியும் ஒருமுறை இந்த வாசலில் நின்றார். 2016இல் ஆர்சனல் அவருடைய ஒப்பந்தத்தில் இருந்த விடுவிப்புத் தொகையைக் கொடுக்க முன்வந்தது. அத்தகைய விதி ஒப்பந்தத்தில் இருந்தால், குறித்த தொகை வந்தவுடன் கழகம் தடுக்க முடியாது. முடிவு வீரரின் கையில். அவர் லெஸ்டரிலேயே தங்கினார்.

வயது

முன்கள வீரருக்கு முப்பது வயதைத் தாண்டுவது கடினம். வேகம் குறையும், காயம் ஆறத் தாமதமாகும். நீண்டநாள் ஆடுபவர்கள் தங்கள் ஆட்டத்தை மாற்றிக்கொள்கிறார்கள். கேன் மெல்லப் பின்னால் இறங்கி, பந்தை வாங்கி மற்றவர்களுக்குக் கொடுக்கும் வேலையையும் கற்றுக்கொண்டார். 2020–21 பருவத்தில் பிரீமியர் லீக்கின் அதிக கோல்களும் (23) கோலுக்கு வழிவகுத்த அதிக பாஸ்களும் (14) அவருடையவை. வார்டி வேறு முடிவெடுத்தார். 2018 உலகக் கோப்பைக்குப் பிறகு இங்கிலாந்து அணியிலிருந்து ஒதுங்கி, உடலைக் கழகத்துக்காகப் பாதுகாத்தார். 2019–20 பருவத்தில், 33 வயதில், 23 கோல்களோடு தங்கக் காலணி பெற்று, அந்த விருதை வென்றவர்களில் மிக மூத்தவரானார். 2023இல் லெஸ்டர் கீழிறங்கியபோதும் உடன் இருந்து, அடுத்த ஆண்டே மீண்டும் ஏற உதவினார். 2025 மே மாதத்தில் தன் 500ஆவது ஆட்டத்தில் 200ஆவது கோலை அடித்து அக்கழகத்திலிருந்து விடைபெற்று, இத்தாலியின் கிரெமோனேசே கழகத்தில் சேர்ந்தார். முழுநேரப் பயிற்சியின் தேய்மானம் அவர் உடலுக்கு 24 வயதுக்கு மேல்தான் தொடங்கியது என்பதும் இந்த நீட்சிக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் கருதுகிறேன். ஸ்டான்லி மேத்யூஸ் 50 வயதில் ஸ்டோக் சிட்டிக்காகத் தன் கடைசி லீக் ஆட்டத்தை 1965இல் ஆடினார். அது யாரும் அளவுகோலாகக் கொள்ளக்கூடாத விதிவிலக்கு.

முடிந்த பிறகு

எல்லோருக்கும் முடிவைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைப்பதில்லை. ரையன் மேசன் டாட்டன்ஹாம் அகாடமியில் கேனோடு வளர்ந்தவர். 2012இல் மில்வாலுக்கு இருவரும் சேர்ந்தே இரவலாகப் போனார்கள். 2015இல் சில நாள் இடைவெளியில் இருவரும் இங்கிலாந்துக்காக முதல் ஆட்டம் ஆடினார்கள். 2017 ஜனவரியில், ஹல் சிட்டிக்காகச் செல்சியோடு ஆடும்போது, வான்வழி வந்த பந்துக்கு எழும்பிய மேசனின் தலை எதிரணித் தடுப்பாட்டக்காரரின் தலையோடு மோதியது. மண்டையோடு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. ஓராண்டு முயன்றும், மருத்துவர்களின் அறிவுரைப்படி, 2018 பிப்ரவரியில் 26 வயதில் ஆட்டத்தை விட்டார்.

ஆட்டத்தை விட்டவர்களுக்கு முன்னால் பொதுவாகச் சில வழிகள் இருக்கின்றன. பயிற்சியாளராக விரும்புவோர் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பின் உரிமங்களைப் படிப்படியாகப் பெற வேண்டும். புகழ் உள்ள சிலர் தொலைக்காட்சிக்குப் போகிறார்கள். கீழ்ப் படிகளில் ஆடிய பெரும்பாலோர் முப்பத்தைந்து வயதில் முற்றிலும் புதிய தொழிலைக் கற்கிறார்கள். 1907இல் தொடங்கிய தொழில்முறை வீரர்கள் சங்கம் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் உதவுகிறது. மேசன் டாட்டன்ஹாமின் இளையோர் பயிற்சிக்குத் திரும்பினார். 2021 ஏப்ரலில் மேலாளர் ஜோசே மொரீன்யோ நீக்கப்பட்டபோது, 29 வயதான மேசனிடம் முதல் அணி தற்காலிகமாக ஒப்படைக்கப்பட்டது. பிரீமியர் லீக்கில் அவ்வளவு இளைய வயதில் ஓர் அணியை வழிநடத்தியவர் அதற்கு முன் யாரும் இல்லை. சில நாளில் வெம்ப்ளியில் லீக் கோப்பை இறுதியாட்டத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த அணியில் முன்கள வீரராகக் கேன் ஆடினார்.

வார்டி தன் காலத்திலேயே இன்னொரு வேலையைத் தொடங்கினார். 2017இல் 'வி9' என்ற பெயரில், நான்-லீக் வீரர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் முழுநேரப் பயிற்சி கொடுத்து, மேல் படிக் கழகங்களின் தேடுநர்கள் பார்க்கும்படி ஆடவைக்கும் முகாமை அமைத்தார். அதில் பங்கேற்ற சிலருக்கு அந்தக் கோடையிலேயே லீக் கழகங்களில் ஒப்பந்தம் கிடைத்தது.